சுண்ணாம்புக் கோடு

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. வேலை அடையாள அட்டையில் இன்னமும் இருக்கிறது. ஆனால் மைதானத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே சும்மா இருந்துவிடுவார். அங்கே அவர் சுண்ணாம்பு. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் பல் துலக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளோடு வந்து, இரண்டு முளை அடித்து, கயிறு கட்டி, மைதானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வெள்ளைக் கோடு போடுகிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ரிமோட்டில் பறக்கிற ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களின் சங்கம் அது. வாரம் முழுக்க யார் யாருக்கோ தலையாட்டிவிட்டு, ஞாயிறு ஒரு நாள் தான் சொன்னபடி ஆடுகிற ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட ஆட்கள். கோட்டுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கிறவர்கள். கோட்டுக்கு முன்னால், ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும். சட்டம் அவ்வளவுதான். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு சுண்ணாம்புக்கு. கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். யாருடைய செருப்பு நுனியாவது கோட்டை மிதித்தால் போதும், "என்னங்க, கால் ரெண்டும் வேணுமா வேணாமா?" என்று மைதானம் அதிரக் கத்துவார்.

பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒரு முறை, புதிதாகச் சேர்ந்த நாலைந்து பேர் கோட்டின் மேல் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு நேராகப் போய் ஒரு பூசணிக்காய் வாங்கி வந்து முக்காலி மேல் வைத்தார். எல்லாரையும் தூரத் தள்ளி நிறுத்திவிட்டு, சுற்றுகிற இறக்கையை அதன் மேல் மெல்ல இறக்கிக் காட்டினார். ஒரு சத்தம். பூசணிக்காயைக் காணோம். சங்கத் தலைவரான பல் டாக்டரின் வெள்ளைச் சட்டையில் விதைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அன்றோடு கோட்டின் மேல் அரட்டை நின்றது. டாக்டர் அந்தச் சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டாலும், கதையை மட்டும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி வேலை பார்க்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "அண்ணனுக்குச் சாவிதான் நகை" என்பார்கள். அவர் கண்டுகொள்வதில்லை. மேலே யாரோ ஒருத்தர் அவசரத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டால் கீழே இருப்பவன் அப்பளம்தான் என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கத்தியின் பிடி வெளிப்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். கேஸ் மூடியிருக்கிறதா என்று படுக்கப் போனவர் எழுந்து வந்து பார்ப்பார். அவர் மனைவிக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். "பேசாம சமையல்கட்டுலயும் ஒரு கோடு போட்டுடுங்க. அடுப்பு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரு வேலையும் செய்யாம நிம்மதியா உக்காந்திருப்பேன்" என்பாள்.

அவர் யாரிடமும் கெஞ்சிக் கொஞ்சி நிற்கிறவரில்லை. ஒரே ஒருத்தியிடம் மட்டும் அவருடைய சட்டம் எல்லாம் இளகிவிடும். அது அவர் மச்சினி, மனைவியின் தங்கை. இவருக்குக் கல்யாணமான புதிதில் அவள் இந்த வீட்டிலேயே தங்கித்தான் முடிதிருத்தும் வேலை கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ளத் தலை வேண்டுமே, இவர் தலைதான் கிடைத்தது. படிக்கட்டு படிக்கட்டாக வெட்டிய தலையோடு எத்தனையோ நாள் வேலைக்குப் போயிருக்கிறார். இப்போது அவள் சொந்தமாகக் கடை திறந்துவிட்டாள். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடியைச் சுவரில் மாட்டியவர் இவர்தான், அது விழாது என்று இழுத்து இழுத்துப் பார்த்து அவளைப் பாடாய்ப் படுத்தி.

சங்கத்தில் வருடத்துக்கு ஒரு முறை எல்லாரையும் குடும்பத்தோடு கூப்பிட்டு ஹெலிகாப்டர் விட்டுக் காட்டுவார்கள். இந்த முறை மச்சினியையும் வரச் சொன்னார். அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தார். அவள் கடைப் பெயரை மஞ்சள் எழுத்தில் அச்சடித்து ஹெலிகாப்டரின் மூக்கில் ஒட்டியிருந்தார். பார்த்தால் துள்ளிக் குதிப்பாள் என்று அவருக்கு உள்ளுக்குள் குறுகுறுப்பு.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்தச் சங்கத்தில் எல்லாரும் பழைய மாதிரி ரிமோட்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு எண். ஒரே எண் உள்ள இரண்டு ரிமோட்டை ஒரே நேரத்தில் போட்டால், பறந்துகொண்டிருக்கிற ஹெலிகாப்டருக்கு யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் கிறுக்குப் பிடித்துவிடும். அதனால் ஒரு பலகையில் துணி காயப்போடுகிற கிளிப்புகளை எண் எழுதி மாட்டி வைத்திருப்பார்கள். உன் எண் கிளிப்பை எடுத்து உன் ரிமோட்டில் மாட்டிக்கொண்டால்தான் நீ சுவிட்சைத் தொடலாம். யாருக்காவது ஹெலிகாப்டர் கை மீறிப் போனால் "கன்ட்ரோல் இல்ல!" என்று கத்த வேண்டும். கத்தியதும் மற்ற எல்லாரும் தங்கள் ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கி, அது அணைந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். இதையும் கொண்டுவந்தவர் சுண்ணாம்புதான்.

சுண்ணாம்புவின் எண்ணும், பேக்கரிக்காரருடைய எண்ணும் ஒன்று. பேக்கரிக்காரர் புதிதாகச் சேர்ந்தவர். பயந்த சுபாவம். எதற்கெடுத்தாலும் "சரிங்க அண்ணே" என்கிற ஆள். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான். முதல் பாடமே இதுதான்: "வால் எப்பவும் உங்களைப் பாக்கணும். மூக்கு உங்களைப் பாத்துதுன்னா அதோட இடது உங்களுக்கு வலது. மூளை குழம்பும். நாலு வருஷம் பழகாம மூக்கைத் திருப்பாதீங்க."

அன்றைக்கு நல்ல கூட்டம். கோடு பளிச்சென்று இருந்தது. சுண்ணாம்புவின் முறை வந்தது. கிளிப்பை எடுத்து மாட்டினார். ஹெலிகாப்டர் எழும்பியது. வட்டம் அடித்தது, தலைகீழாக ஒரு நொடி நின்றது, கூட்டம் கைதட்டியது. அதற்குப் பிறகு மூக்கைத் திருப்பி, மஞ்சள் எழுத்து தெரிகிற மாதிரி, இடுப்பு உயரத்தில் நிறுத்தினார்.

"ஐயோ, என் கடை!" என்று கோட்டுக்குப் பின்னாலிருந்து மச்சினி கத்தினாள். "அத்தான், அப்படியே நிறுத்துங்க, படம் எடுத்துக்கிறேன்!"

"அங்கேருந்து எடுத்தா என்ன தெரியும்? முன்னாடி வா" என்றார் அவர், திரும்பாமலே. இறக்கைச் சத்தத்தில் அது அவளைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

"கோடு?"

"நீ நம்ம வீட்டு ஆளு. உனக்கு என்ன கோடு? வா."

அவள் வந்தாள். அவருக்கு வலப்பக்கம், நாலடி முன்னால் போய் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். "எழுத்து சின்னதா இருக்கு அத்தான். இன்னும் கொஞ்சம் கிட்ட." அவர் கிட்டே கொண்டுவந்தார். "இன்னும் கொஞ்சம்." இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தார். ஊரையெல்லாம் கத்தி விரட்டிய மனுஷன் அன்றைக்கு ஒரு பெருமைக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பெரிய காற்று ஒன்றும் இல்லை. சும்மா ஒரு வீச்சு. ஹெலிகாப்டர் அவள் பக்கம், வலதாகச் சாய்ந்தது. இடப்பக்கம் போ என்று அவர் கை ரிமோட்டின் குச்சியை இடது பக்கம் தள்ளியது. மூக்கு நம்மைப் பார்க்கும்போது அதன் இடது நமக்கு வலது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். அது அவள் மேல் பாய்ந்தது. அவள் கையைத் தூக்கி முகத்தை மறைத்தாள்.

சத்தம் பூசணிக்காயின் சத்தம் மாதிரி இல்லை. அதைவிடச் சின்னது. போன் சுக்கு நூறாகத் தெறித்தது. அவர் எஞ்சினை அணைத்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்தது: "கன்ட்ரோல் இல்ல!"

அந்த ஒரு நொடிக்கு அது பொய்யில்லை என்றே வைத்துக்கொள்வோம். இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் போகிற பொருளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ரிமோட்டைக் கீழே வைப்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

கத்தியதும் எல்லாரும் ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். பேக்கரிக்காரர் கோட்டுக்குப் பின்னால் தன் மகளோடு நின்றுகொண்டிருந்தார். அடுத்த முறை அவருடையது என்பதால், ரிமோட்டைக் கையில் வைத்து மகளுக்கு எது எது என்னவென்று காட்டிக்கொண்டிருந்தார். கிளிப் இல்லாமல் ரிமோட்டைக் கையில் எடுக்கக் கூடாது. அது தப்புதான். பதறித் தூக்கியதில் அவர் கட்டை விரல் சுவிட்சில் பட்டு அதைத் தள்ளிவிட்டது. அணைந்திருந்ததைப் போட்டாரா, போட்டிருந்ததை அணைத்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சுவிட்ச் நகர்ந்ததைப் பார்த்தார்கள். அவ்வளவு போதும்.

"நான்... நான் ஆன் பண்ணிட்டேனா?" என்று அவர் கேட்டதுதான் எல்லார் காதிலும் விழுந்தது.

டாக்டர் தன் துண்டை மச்சினியின் மணிக்கட்டில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏற்றினார். போகிற வழியெல்லாம் சுண்ணாம்பு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகை நிஜம். அதில் சந்தேகமே இல்லை.

மணிக்கட்டுக்கு மேல் விரல்களை இழுக்கிற நரம்புகள் அறுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். கை இருக்கும், விரல் எவ்வளவு மடங்கும் என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார்கள். வலது கை. கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுண்ணாம்புவின் தோளில் கை வைத்தார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அந்த ஆளை சங்கத்தை விட்டு நிறுத்தியாச்சு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை, ரிமோட்டை எங்க கையில குடுத்துட்டுப் போயிட்டாரு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒண்ணு மட்டும் கேக்கிறாங்க. உங்க மச்சினி எப்படிக் கோட்டுக்கு முன்னாடி வந்தாங்க?" என்றார்.

இந்த இடத்தில் அவர் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் தானாகவே பிரிந்து, "படம் எடுக்கிற ஆசையில வந்துட்டா போல. நான் ஹெலிகாப்டரையே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றது.

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அது அப்படியே மனைவியின் காதுக்குப் போனது. அவள் தங்கையின் கட்டிலருகே நின்று பொரிந்து தள்ளினாள். "அறிவிருக்காடி உனக்கு? அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்துறாரே, கோட்டைத் தாண்டாதேன்னு. உனக்குப் படம்தான் முக்கியமா?"

சுண்ணாம்பு ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மச்சினி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. ஒரு பார்வைதான்.

"ஆமாக்கா. என் தப்புதான்" என்றாள்.

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. எதிர்க் கட்டடத்தின் சுவர்தான். அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் பேக்கரிக்காரர் வேறு. தினமும் சாயங்காலம் ஒரு பை நிறைய பன்னும் ரொட்டியும் கொண்டுவந்து வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார். "வாங்களேன்" என்று மச்சினி கூப்பிட்டால்தான் வருவார். கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். "வலி எப்படிங்க இருக்கு?" என்பார். பதிலைக் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி, "மன்னிச்சிடுங்க" என்பார். அவளை இவர் வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகும் விடவில்லை. மனைவி முதலில் அவரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகப் போக அவளே மனமிரங்கி, "பாவம், ஆளே பாதியாயிட்டாரு" என்றாள். அந்த ரொட்டி வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் இருக்கும். சுண்ணாம்பு அதைத் தொடமாட்டார். "உங்களுக்கு இன்னும் கோபம் தீரலை" என்பாள் மனைவி. அவர் கை கழுவப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை கோடு போடப் போனார். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே. முளையை அடித்து, கயிறு கட்டி, தூளைத் தூவினார். எல்லாரும் முன்னைவிட மரியாதையாக நடந்துகொண்டார்கள். கூட்டம் கோட்டிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளியே நின்றது. அவர் யாரையும் பார்த்துக் கத்தவில்லை. கத்த வாய் வரவில்லை. மைதானத்தில் அதையும் பெரிய மனசு என்று எடுத்துக்கொண்டார்கள். வேலையில் பள்ளத்தில் இறங்கும்போது கழுத்தில் தொங்குகிற சாவியைத் தொட்டுப் பார்ப்பார். கீழே இருப்பவன் தான், மேலே சுவிட்சைப் போட்டவனும் தான் என்று தோன்றும். உடம்பு கூசும்.

மாதங்கள் ஓடின. விரல்கள் மெல்ல மடங்க ஆரம்பித்தன. கட்டை விரலும் நடுவிரலும் தேறிவிட்டன. ஆட்காட்டி விரல் மட்டும் பாதி வழியில் நின்றுவிடும். மச்சினி கடையைத் திறந்தாள். வேலைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டாள். ஒரு நாள் மதியம் போன் செய்தாள்.

"அத்தான், கத்தரிக்கோல் பிடிச்சுப் பாக்கணும். தலை வேணும். வர்றீங்களா?"

வேலை முடிந்ததும் நேராகப் போனார். கடையில் வேறு யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் துணியைக் கழுத்தில் சுற்றிக் கட்டினாள். முடிச்சுப் போட நேரமானது. அவர் உதவப் போனார். "இருங்க, நானே" என்றாள். எதிரே அவர் மாட்டிய கண்ணாடி. எந்தப் பக்கம் கண்ணைத் திருப்பினாலும் அவர் முகம்தான் இருந்தது.

கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் சரக் சரக் என்றது. நடுவில் நிற்கும். விரல் ஒத்துழைக்காது. கையை உதறிவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பாள். முனை ஒரு முறை காது மடலை உரசியது.

"பயமா இருக்கா?" என்றாள்.

"இல்லம்மா."

"ஆடாம உக்காருங்க. இது கை மீறிப் போனா நான் யாரைச் சொல்றது? கடையில வேற யாரும் இல்ல."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், நீங்க எப்பக் கத்துனீங்க?"

"எது?"

"கன்ட்ரோல் இல்லன்னு. என் கையில அடிபட்டுது. போன் தெறிச்சுது. மெஷின் நின்னு போச்சு. அதுக்கு அப்புறம்தான் கத்துனீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வலி அப்புறம்தான் வந்துது, உங்க குரல் அதுக்கு முன்னாடியே கேட்டுது. சிக்னல் போச்சுன்னா, போகும்போதே கத்துவாங்க. எல்லாம் முடிஞ்சு போனதுக்கு அப்புறமா கத்துவாங்க?"

துணிக்கு அடியில் அவர் கைகள் இரண்டும் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டன.

"அன்னிக்கேவா தெரியும்?" என்றார்.

"ஆஸ்பத்திரியிலயே தெரியும். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். நானா கோட்டைத் தாண்டி வந்தேன்னு சொன்னப்பக்கூட, பரவாயில்ல, பயத்துல சொல்றாரு, நாளைக்குச் சரி பண்ணிடுவாருன்னு இருந்தேன். அக்கா திட்டினப்ப நீங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னீங்க பாருங்க." அவர் தோளில் கிடந்த முடியைத் தட்டிவிட்டாள். "கை போனதுக்கு நான் அழலை அத்தான். அதுக்குத்தான் அழுதேன்."

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. பூமி அதெல்லாம் செய்கிற வழக்கமில்லை. அவர் அழுதார். ஆனால் அன்றைக்கு வண்டியில் அழுத அழுகை மாதிரி அதில் நிம்மதி இல்லை. "நான்தாம்மா. தப்பான பக்கம் தள்ளிட்டேன். புதுசா வர்றவன்கூட செய்யமாட்டான். உன்னைக் கூப்பிட்டதும் நான்தான். கேவலமாப் போச்சு" என்றார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே" என்றாள் மச்சினி. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு விரல்களைப் பிசைந்துகொண்டாள். "இதுக்கு மேல கை வராது. மீதியை நாளைக்கு வெட்டுறேன். நீங்க பேக்கரிக்குப் போங்க."

"முதல்ல டாக்டர்கிட்ட, சங்கத்துல..."

"அவங்ககிட்டச் சொல்றது சுலபம். உங்க ஆளுங்க. உங்க மேல இன்னும் கொஞ்சம் மரியாதைகூட வந்துடும். முதல்ல பேக்கரிக்குப் போங்க."

துணியை உதறி எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தார். வலது பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது. இடது பக்கம் காடு மாதிரி கிடந்தது. அந்தத் தலையோடு தெருவில் இறங்கினார். எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் பையையாவது தூக்கி மறைத்திருப்பார்.

பேக்கரியில் சாயங்காலக் கூட்டம். சுடச்சுட ரொட்டி வந்திருந்தது, வரிசை வாசல் வரை நின்றது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் பேக்கரிக்காரரின் மகள் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புவைப் பார்த்ததும் பேக்கரிக்காரர் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணே, அவங்களுக்கு ஒண்ணுமில்லையே? கை திரும்ப ஏதாவது..."

"கை நல்லாருக்கு. கொஞ்சம் வெளியில வர்றீங்களா?"

"கூட்டமா இருக்கு அண்ணே. இங்கயே சொல்லுங்க."

சொன்னார். தாழ்ந்த குரலில், கோர்வையில்லாமல் சொன்னார். மூக்கு தன் பக்கம் இருந்தது, காற்று, இடது வலது, கத்தியது, அப்புறம் உண்மையை விழுங்கியது. பேக்கரிக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று சுண்ணாம்பு காத்திருந்தார். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நப்பாசை.

"அப்ப நான் ஆன் பண்ணலையா?" என்றார் பேக்கரிக்காரர்.

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணே. என் கட்டை விரல் பட்டுதே. எனக்குத் தெரியுது, பட்டுது."

"பட்டிருக்கலாம். நான் கத்தினதுக்கு அப்புறம் நீங்க தூக்கினப்பப் பட்டிருக்கும். அதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சு. நான்தான்."

"நான் இல்லைதானே?"

"நீங்க இல்ல."

பேக்கரிக்காரர் மாவு ஒட்டிய தன் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார், மாவு கண்ணிமையில் ஒட்டிக்கொண்டது. "தூங்கும்போதும் இந்த விரல் அண்ணே. தள்ளுது, தள்ளுது" என்றார். அப்புறம் மகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார். "அவகிட்டயும் சொல்லிடுங்க. நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா நம்ப மாட்டா. அன்னிக்கு என் பக்கத்துல நின்னவ. அதுலேருந்து ரோட்டைத் தாண்டும்போது என் கையைப் பிடிக்க மாட்டேங்கிறா."

சுண்ணாம்பு முக்காலிக்கு முன்னால் போய்க் குந்தினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் தலையைத்தான் பார்த்தாள்.

"ஏன் பாதி முடி மட்டும் வெட்டியிருக்கீங்க?"

"மீதியை நாளைக்கு வெட்டுவாங்க. அம்மாடி, அன்னிக்கு மைதானத்துல ஹெலிகாப்டர் பட்டுதுல்ல? அது உங்க அப்பாவால இல்ல. நான்தான் தப்பா ஓட்டிட்டேன்."

"அப்புறம் ஏன் கன்ட்ரோல் இல்லன்னு கத்துனீங்க?"

"பயந்துட்டேன்மா."

அவள் கையிலிருந்த வண்ணப் பென்சிலைக் கொஞ்ச நேரம் உருட்டினாள். அப்புறம் முக்காலி மேல் ஏறி நின்று, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்பா! நீ பண்ணலையாம்! இந்த அங்கிள்தான் பண்ணாராம்!" என்றாள். விரலை நீட்டிக் காட்டவும் செய்தாள்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "என்ன பண்ணாரு?" என்று யாரோ கேட்டார்கள். அவள் இறங்கி ஓடி, அப்பாவின் மாவுக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் இன்னொரு கையால் ரொட்டியை எடுத்து, "அடுத்து யாருங்க?" என்றார்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டு, உரசாமல் தள்ளிப் போனார்கள். யார் யார் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு, அந்தக் கடையில் எங்கே நிற்பதென்று தெரியவில்லை.